முதுமை வேடம் பூண்ட ஔவை
(தென்காசியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஔவையை வரைந்து காட்டுமாறு ஒரு பள்ளிச் சிறுமியிடம் கூறுங்கள். நரைத்த கூந்தல், நெற்றி நிறைய நீறு, கையில் ஊன்றுகோல். இவற்றை அவள் நொடியில் வரைந்துவிடுவாள். இவ்வுருவைத் தமிழர் நெஞ்சில் ஆழப் பதித்தது 1953ஆம் ஆண்டு வெளிவந்த 'ஔவையார்' திரைப்படம். செமினி வாசன் எடுக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்க, கொடுமுடி சுந்தராம்பாள் ஔவையாகவே வாழ்ந்து காட்டினார். பெண்பாற் புலவர் ஒருவரைத் திரையேற்றிய அம்முயற்சியை வாழ்த்துகிறேன். அம்மையாரின் வெண்கலக் குரலில் தமிழ் முழங்கியதை எவர் மறப்பர்?

ஆயினும், போற்றுதல் வேறு, ஆராய்தல் வேறு.

அப்படம் சொல்லும் கதை யாது? மணத்தை விரும்பாத இளநங்கை பிள்ளையாரை வேண்டித் தன் இளமையை நீத்துக் கிழவியாகிறாள். அதன் பின்னரே ஊர்தோறும் நடந்து அறம் பகர்கிறாள். இக்கதை வாசன் புனைந்ததன்று; மக்களிடையே நெடுநாள் வழங்கியது. ஆனால், அதியமானின் ஔவைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கழகக் கால நூல்களில் பிள்ளையார் வழிபாட்டையே நாம் காண்கிலோம். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவை பல நூற்றாண்டு பிற்பட்டவர். இருவரையும் ஒருவராக்கி, இளையவரை மறைத்து, முதியவரை நிறுத்தியது அக்கதை.

கழக ஔவை பாடியனவாக நமக்குக் கிடைத்தவை 59 பாடல்கள். அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. எஞ்சிய 26 அகப்பாடல்கள். காதல் நோயை இத்துணை ஆழமாகப் பாடியவரை இளமையே அறியாதவராகக் காட்டலாமா? தொண்டைமானிடம் தூது சென்று, அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வார்போல் இகழ்ந்து வந்த அரசியல் அறிவு அவருடையது. ஒரு புறப்பாட்டில் பகையரசன், மை தீட்டிய கண்ணுடைய விறலியிடம், "உன் நாட்டில் பொருவாரும் உளரோ?" என வினவ, அவள் அஞ்சாது விடையிறுக்கிறாள். அவ்விறலி ஔவையே எனக் கொள்ளும் அறிஞரும் உளர். அதியனோடு கள்ளுண்டு களித்த நட்பையும் அவர் பாடல்களே பகரும்.

இவையெல்லாம் கற்பனை எனத் தள்ளவும் இயலாது. 1981ஆம் ஆண்டு திருக்கோவலூரை அடுத்த சம்பையில் கண்டறியப்பட்ட கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஔவையின் தலைவனுக்குக் கல்லே சான்று!

சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்வையும் எண்ணிப் பாருங்கள். அவர் கணவர் கிட்டப்பா நம் அண்டையூராகிய செங்கோட்டையினர். 1933ஆம் ஆண்டு கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு அகவை 25. அன்றுமுதல் அவர் வெள்ளாடை பூண்டார். 1935ஆம் ஆண்டுப் படத்தில் நந்தனாராக ஆண் வேடம். 1953ஆம் ஆண்டில் முதியவள் வேடம். 1965ஆம் ஆண்டுத் 'திருவிளையாடல்' படத்திலும் அதே ஔவை வேடம். ஈடிணையற்ற அக்குரலைக் கேட்க விரும்பிய இக்குமுகாயம், அதனை ஆணாகவும் கிழவியாகவும் கேட்டு மகிழ்ந்தது! கதையில் ஔவைக்கு நேர்ந்ததே அம்மையாருக்கும் நேர்ந்தது.

பெண் தனித்து நடக்கவும் அவையில் பேசவும் இளமையைக் கைவிட வேண்டும் என்பது தமிழ் மரபன்று. நம் குற்றாலக் குறவஞ்சியைப் பாருங்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த குறத்தி, எழில் குன்றாத இளையவள். நாடு பல சுற்றி வந்தவள். துணையின்றி வந்து குறி சொல்லிப் பரிசும் பெறுகிறாள். அவளை எந்தத் தெய்வமும் கிழவியாக்கவில்லை. அருவிக்கரையில் அவளை ஏற்றுக்கொண்ட தமிழ்நெஞ்சம், தகடூர் அரசவையில் இளம் ஔவையை ஏற்க மறுக்குமோ?

திரைத்துறைத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்! ஔவையை மீண்டும் படமாக்குங்கள். எடுக்குமுன் புறநானூற்றைப் படியுங்கள். தமிழறிந்தாரைக் கலந்து பேசுங்கள். தூது சென்ற ஔவை, காதல் பாடிய ஔவை, அதியன் மறைவுக்குக் கண்ணீர் விட்ட ஔவை திரையில் தோன்றட்டும்.

ஆசிரியத் தோழர்களே! படம் வரும்வரை காத்திராதீர்கள். ஆத்திசூடி கற்பிக்கும் வகுப்பிலேயே, இவருக்குப் பல நூற்றாண்டு முன்னர் இன்னொரு ஔவை இருந்தார் என்று கூறுங்கள். நம் பெண்மக்கள் தம் அகவையிலேயே, தம் குரலிலேயே பேசக் கற்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!