கிருமியைப் பட்டினி போடும் நெல்

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைகளில் பொன்னி அரிசி மூட்டையைப் பார்க்கிறவர்கள், "தமிழ்நாட்டுச் சரக்கு" என்பார்கள். அரிசி அங்கிருந்து வருவது உண்மைதான். ஆனால், பொன்னிக்குத் தாய்வீடு பினாங்கு! செபராங் பிறையில், புக்கிட் மேரா நெல் ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1965-இல் வெளியான 'மாசூரி' நெல்தான் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆயிற்று. அதே மாசூரியை இனக்கலப்பு செய்து, ஆந்திராவின் பாபட்லாவில் 1986-இல் வெளியிட்டார்கள் 'சம்பா மசூரி'யை.

சோறு அருமை. ஆனால், பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்காது. காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தபின், இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் இறங்கி வைக்கோலாய்க் காயும். கடுமையானால் பாதி விளைச்சல்கூடப் போய்விடும். மருந்துக்கும் எளிதில் அடங்காது. யூரியாவை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம்.

கிருமி செய்வது என்ன தெரியுமா? நெற்பயிரில் சர்க்கரையை வெளியே விடும் வாசல்கள் உண்டு. 'ஸ்வீட்' என்ற மரபணுக்கள் அவற்றை அமைக்கின்றன. கிருமி ஒரு புரதத்தை உள்ளே செலுத்தி, அந்த மரபணுவின் சுவிட்சைத் தட்டிவிடுகிறது. வாசல் திறக்கிறது, சர்க்கரை கசிகிறது. திருடனுக்கு வீட்டுக்காரனே பந்தி வைத்த கதைதான்! இது 2010-இல் வெளியான ஆய்வில் தெளிவானது.

சில நெல் வகைகளில் இந்தச் சுவிட்ச் இயற்கையிலேயே சற்று மாறியிருக்கிறது. கிருமி தட்டினாலும் திறக்காது. அந்தக் குணத்தோடு மேலும் இரண்டு எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, ஐதராபாத் விஞ்ஞானிகள் 2008-இல் மேம்படுத்திய சம்பா மசூரியைக் கொடுத்தார்கள். எல்லாம் இனக்கலப்பு வழியிலேயே.

எதற்கு மூன்று? ஒரு சுவிட்ச் மசியாவிட்டால் வேறொன்றைத் தட்டும் கிருமிகளும் இருக்கின்றன. வாசலையே அடைத்துவிடலாமே என்றால், மணிக்குச் சர்க்கரை போவதும் அதே வழியில்தான். நெல் பதராகிவிடும். ஆகவே, 2019-இல் ஒரு பன்னாட்டுக் குழு மரபணுத் திருத்தத்தால் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் சுவிட்சுகளை மட்டும் மாற்றியது. ஐஆர்64 நெல் கிருமியை எதிர்த்து நின்றது.

2025 மே மாதம் இந்தியா அறிவித்த மரபணுத் திருத்த நெல் வகைகள் இரண்டில் ஒன்றான 'கமலா', சம்பா மசூரியிலிருந்து வந்தது. நம் மாசூரிக்குப் பேத்தி முறை. அதில் திருத்தியது விளைச்சலுக்காக. இலைக்கருகலுக்கான திருத்தம் அதில் இல்லை.