இடமும் குரலும்

ஒரு கம்பெனியின் முதலை எதில் இடுவது, தலைமை நிர்வாகியாக யாரை அமர்த்துவது என்பனவற்றை முடிவு செய்வது அதன் இயக்குநர் குழுவே. அக்குழுவில் பெண்டிர்க்குச் சட்டத்தினால் இடம் வகுத்து வழிகாட்டிய நாடு நார்வே. 2003இல் இயற்றப்பெற்ற அச்சட்டத்தின் பயனாக, 2008க்குள் அங்குள்ள பொதுப் பங்குக் கம்பெனிகளின் குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேராயினர்.

நம் நாட்டிலோ, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெண் இயக்குநரையேனும் கொள்ளப் பணித்தது. சில கம்பெனிகள் என்ன செய்தன? உரிமையாளரின் மனைவியையோ மகளையோ அமர்த்திக் கடமையை முடித்துக்கொண்டன. உறவினால் வந்த இடத்திலிருந்து மறுப்புச் சொல் எளிதில் எழுமா? ஆகவேதான் ‘செபி’ என்னும் ஒழுங்குமுறை வாரியம், சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 கம்பெனிகளில் 2020 ஏப்ரல் முதலும், சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவர் இருத்தல் வேண்டும் என விதித்தது.

எனினும், பலர் நடுவே ஒருவர் குரல் தனிக்குரலே. நார்வேயிலும், பெண் இயக்குநர் பெருகிய அளவிற்குப் பெண் தலைமை நிர்வாகிகள் பெருகவில்லை. சட்டம் நாற்காலியைத்தான் அளிக்க வல்லது. ஆதலின், மாணவியர் ஐந்தொகையைப் படித்து, ‘இச்செலவு எதற்கு?’ என வினவப் பழகுவாராக. அவ்வினாவைச் செவிமடுக்க மாணவரும் இன்றே பழகுவாராக.