வண்டலூர் தந்த ஹெரால்ட்



நம் நாட்டுப் பழைய மோட்டார் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று அம்பாஸடர், மற்றொன்று ஃபியட். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது வங்காளத்திலும் பிறக்கவில்லை, பம்பாயிலும் பிறக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்குப் பக்கத்தில் பிறந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்பது அதன் பெயர். நான் குடியிருக்கும் திருச்சி கே.கே. நகரில் அத்தகைய வண்டி ஒன்று இன்றும் மாலை வேளைகளில் உலா வருவதுண்டு. அதைக் கண்ட இளைஞர்கள், “இது எந்த நாட்டுக் கார்?” என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை சொல்ல இயலாது என்பதே இப்பேச்சுக்குக் காரணம்.

இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு-டிரயம்ப் கம்பெனியார் 1959-ஆம் ஆண்டு டிரயம்ப் ஹெரால்டை வெளியிட்டார்கள். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலோத்தி. அக்காலத்தில் மற்றவர்கள் அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாய் இணைந்த கார்களைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் இக்கம்பெனியாருக்குக் கூடு செய்து கொடுத்து வந்த ஆலையை 1953-இல் போட்டிக் கம்பெனியார் வாங்கிவிட்டார்கள். ஆகவே வேறு வழியின்றித் தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, பல இடங்களில் உருவான துண்டுகளை அதன்மேல் வைத்துப் போல்ட்டுப் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே அவர்கள் திரும்பினார்கள்.

இந்த இக்கட்டிலிருந்துதான் ஹெரால்டின் சிறப்பெல்லாம் விளைந்தது என்பேன். கூரையைக் கழற்றினால் திறந்த வண்டி. பின்பகுதியை மாற்றினால் சாமான் ஏற்றும் வண்டி. வேறு கூரை வைத்தால் கூபே. அதே அடிச்சட்டத்தின் வழியில் ஆறு சிலிண்டர் விட்டெஸ்ஸும், ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயச் சாயல் கொண்ட வண்டியும் 1962-இல் வந்தன. முன்மூடியோ, சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டீயரிங், முன்சக்கரத்து ஸ்பிரிங் யாவும் மேசைமேல் பரப்பிய பண்டம்போல் தெரியும். வேப்பமர நிழலில் தொழில் செய்யும் மெக்கானிக்கிற்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஏது? மேலும், சுமார் 25 அடி விட்டத்திற்குள் முழுவட்டமாய்த் திரும்பக்கூடிய வண்டி அது. திருவரங்கத்தில் உத்தர வீதியிலிருந்து சந்து ஒன்றுக்குள் பெரிய காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-இல் சென்னையில் நிறுவப்பட்டது. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று அங்கே வண்டிகள் உருவாயின. உதிரிப் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பதோடு நிற்காமல், உள்நாட்டிலேயே செய்யத் திட்டம் வைத்திருப்போர்க்கே இனி இடம் என்று 1953-இல் சர்க்கார் தீர்மானித்தபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்நாட்டை விட்டுப் போயின. சென்னைக் கம்பெனி நிலைத்தது. 1961-இல் ஹெரால்ட் இங்கே வந்தது.

சீமையில் ஹெரால்டின் எஞ்சின் வளர்ந்துகொண்டே போயிற்று. 948 கன சென்டிமீட்டர் 1147 ஆயிற்று. 1967-இல் 1296 ஆயிற்று. இங்கேயோ கடைசி வரையில் 948 தான். அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலம். புது எஞ்சினுக்குப் புது இயந்திரங்கள் வேண்டும். இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. சொல்லட்டும். எஞ்சினில் வளராத வண்டி வேறோர் இடத்தில் வளர்ந்தது.

இங்கிலாந்தில் பிறந்த எந்த ஹெரால்டுக்கும் பக்கவாட்டில் இரண்டு கதவுகளே. கணவனும் மனைவியும் முன்னால், பிள்ளைகள் பின்னால். பின்கதவு இல்லாவிட்டால் குழந்தை விழுந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. அவர்களுக்குக் குடும்பம் என்றால் அவ்வளவுதான். நம் வீட்டிலோ முன்னால் டிரைவர்; பின்னால் வீட்டுப் பெரியவர். மடிசார் உடுத்திய பாட்டியார் முன்னிருக்கையைச் சாய்த்து, குனிந்து, இடுக்கில் நுழைந்து பின்னால் போய் உட்காருவது எங்ஙனம்? அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவுகள் இருந்தன. ஆகவே 1960-களின் நடுவில் சென்னைக் கம்பெனியார் தாமாகவே நான்கு கதவு ஹெரால்டை வகுத்தார்கள். தாய்க் கம்பெனியார் செய்யாத காரியம் அது. ‘கம்பானியன்’ என்ற பெயரில், பின்னால் சாமான் ஏற்றத் தனிக் கதவு வைத்த வண்டியும் வந்தது. 1968-இல் வந்த மூன்றாம் மாதிரி புதிய முகத்தோற்றம் பெற்றது.

மற்றொரு தொல்லை பின்னச்சில் இருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுகளில் பொருந்தியவை. வேகமாய் வளைவில் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பாரம் ஏற்றினாலோ காலை அகட்டி நிற்கும். கலியாண வீட்டார் ஏழு பேரும் பித்தளை அண்டாவும் ஏறிய பிறகு அந்த வண்டி நிற்கும் கோலத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் வந்த ‘கெஸல்’ வண்டியில் இந்த அச்சை மாற்றியமைத்து, உறுதியான முழு அச்சு வைத்தார்கள். மிக்கெலோத்தி வரைந்த முகமும் மாறிற்று. அழகு சற்றுக் குறைந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவ்வண்டி நம் சாலைகளை அறிந்திருந்தது. 1977-இல் அதன் உற்பத்தியும் நின்றது.

அதன்பின் பல ஆண்டுகள் அங்கே கார் இல்லை. சிறு வான்களே உருவாயின. 1985-இல் ரோவர் காரின் கூட்டை வாங்கி, பழைய வான்கார்டு வழிவந்த எஞ்சினைப் பொருத்தி, ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று வெளியிட்டார்கள். மாருதி வந்துவிட்ட காலம் அது. சிறிய வண்டியை நம் தேவைக்குத் திருத்தத் தெரிந்தவர்கள், பெரிய வண்டிக்குப் பழைய எஞ்சின் பூட்டியதை நான் இன்றும் விளங்கிக்கொள்ள முடியாதவனாகவே இருக்கிறேன். வாங்குவோர் இல்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிலாளர் வேலை இழந்தனர்.

ஸ்டாண்டர்டு என்ற பெயரை இங்கிலாந்தில் 1963-லேயே கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அப்பெயர் தாங்கிய கார்கள் வெளிவந்தது வண்டலூரிலிருந்துதான். 2006-இல் அங்கே எஞ்சியிருந்த சாமான்கள் ஏலத்திற்கு வந்தபோது, தங்கள் வண்டிக்கு உதிரிப் பாகம் தேடி ஹெரால்ட் வைத்திருப்போர் போய் வாங்கி வந்தார்கள்.