குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

பொழுது புலர்வதற்கு முன்பே கத்தியும் வாளியுமாகப் பால்மரங்களை நோக்கி நடந்த தாய், உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று யாரிடம் ஒப்படைத்தாள்? ஆயாக் கொட்டகையில் காத்திருந்த ஆயாவிடம். தொட்டில் ஆட்டுவதும், பால் புகட்டுவதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை டிரெஸ்ஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அந்த அம்மையாரின் அன்றாடப் பணிகள். நம்மில் பலர் அப்படிப்பட்ட தொட்டிலில் வளர்ந்தவர்களே.

ஆயினும், அந்த ஆயாவின் பணியைக் கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழிலாக நாம் எண்ணியதுண்டா? "மரம் வெட்ட இயலாதவர் பிள்ளை பார்க்கட்டும்" என்றே பெரும்பாலும் எண்ணினோம். அந்த எண்ணம் இன்று மாற வேண்டும். ஏனெனில், உலகம் மாறிவிட்டது. நம் நாட்டின் சட்டமும் மாறிவிட்டது.

இங்கிலாந்தில் எமிலி வார்டு என்னும் அம்மையார், 1892 ஆம் ஆண்டிலேயே குழந்தை வளர்ப்புத் தாதியர்க்கென நார்லண்ட் என்ற பயிற்சிக்கூடத்தை இலண்டனில் நிறுவினார். குழந்தை பார்ப்பது வீட்டு வேலைக்காரியின் வேலையன்று, பயிற்சி பெற்றவரின் தொழில் என்பதே அவர் நிலைநாட்டிய கொள்கை. அப்பயிற்சிக்கூடம் இன்றும் பாத் நகரில் கல்லூரியாக இயங்கி வருகின்றது.

நம் மலேசியாவில் 1984 ஆம் ஆண்டில் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் இயற்றப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பார்த்துக்கொள்ளும் இடம் எதுவாயினும், அது சமூகநல இலாகாவில் பதிவு பெற வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. பத்துக்கும் குறைவான குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்க்கும் இவ்விதி பொருந்தும். 2012 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுவரை 5 குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும். மூன்று முதல் நான்கு வயதுவரை 10 குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் நகரங்களில் இத்தகைய மையங்கள் எத்தனை இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பயிற்சி பெற்ற பெண்களுக்கு எத்தனை தேவை உண்டு என்பது விளங்கும்.

எனவே, "எங்கள் மகள் குழந்தைப் பராமரிப்புப் படிக்க விரும்புகின்றாள், எங்கே சேர்ப்பது? பணத்திற்கு என்ன செய்வது?" என்று எம்மிடம் கேட்கும் தோட்டத்துத் தாய் தந்தையர் பலர் உள்ளனர். அவர்களுக்கு விடை கூறுமுன், நாம் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல விரும்புகின்றோம்.

பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் கணவன் மனைவி இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். மூத்த மகள் எஸ்.பி.எம். தேர்வில் தேறினாள். ஒருநாள் லயத்துக்குக் காரில் ஒருவர் வந்தார். வண்ணப் படங்கள் நிறைந்த புத்தகத்தைக் காட்டினார். "இன்றே 1,500 வெள்ளி கட்டினால் இடம் உறுதி; மீதிப் பணத்துக்கு அரசாங்கக் கடன் தானாகவே வந்துவிடும்" என்றார். தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. மகள் பெட்டியுடன் பட்டணம் சென்றாள். மூன்று மாதம் சென்றபின், அந்தப் படிப்பு அங்கீகாரப் பதிவேட்டிலேயே இல்லை, ஆகவே கடன் கிடைக்காது என்று தெரியவந்தது. மகள் வீடு திரும்பினாள். கட்டிய பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. சங்கிலி மூழ்கியே போயிற்று.

அந்தத் தாய் தந்தையரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்தது குற்றமாகுமா? பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் குறை. அக்கேள்விகளை இன்று உங்களுக்குச் சொல்வதே எம் நோக்கம்.

முதலாவதாக, மகள் எந்த வயதுக் குழந்தைகளோடு பணிபுரிய விரும்புகின்றாள் என்பதைத் தெளிவு செய்துகொள்ளுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்ப்பது தாஸ்கா எனப்படும் பராமரிப்பு மையம். அது சமூகநல இலாகாவின் பொறுப்பில் உள்ளது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் செல்வது தாடிகா எனப்படும் பாலர் பள்ளி. அது 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் வருகின்றது. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவதாக, படிப்பின் வழியைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வழிகள் உள்ளன. தாஸ்காவில் பணியாற்றுவோர்க்கென சமூகநல இலாகா ஏற்றுக்கொள்ளும் குறுகியகால அடிப்படைப் பயிற்சி ஒரு வழி. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டு இலாகா வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் இன்னொரு வழி, எஸ்.கே.எம். என்னும் அச்சான்றிதழ் முதல் மூன்று படிகளாக அமைந்துள்ளது. நான்காம் படி திறன் டிப்ளோமா. ஏட்டுப் படிப்பைக் காட்டிலும் கைப்பயிற்சியில் சிறக்கும் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. மூன்றாவது வழி, கல்லூரியில் பயிலும் ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி டிப்ளோமா. பொதுவாக இதற்கு எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது 3 பாடங்களில் கிரெடிட் வேண்டும். பாலர் பள்ளி ஆசிரியையாக வர விரும்புவோர்க்கு இதுவே தக்க வழி. நன்கு படிப்பவர்கள் பட்டப்படிப்பு வரையிலும் செல்லலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் பட்டப்படிப்பு உண்டு. பொதுக் கல்வி நிலையங்களில் இடம் வேண்டுவோர் யு.பி.யு. என்னும் பொது விண்ணப்ப முறையின்வழி, அறிவிக்கப்பட்ட நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தனியார் கல்லூரியை நாடுமுன் இந்த வாயிலைத் தட்டிப் பார்ப்பது நலம். அங்கே கட்டணம் குறைவு.

மூன்றாவதாக, பத்திரங்களை ஆயத்தம் செய்யுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எஸ்.பி.எம். சான்றிதழ், பள்ளி விடுநிலைப் பத்திரம், தாய் தந்தையரின் சம்பளச் சீட்டு, மகளின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும். அரசாங்கக் கல்விக் கடன்கள் குடிமக்களுக்கே உரியவை. பிறப்புப் பதிவிலோ குடியுரிமையிலோ குறைபாடு உள்ள பிள்ளைகள் நம் தோட்டங்களில் உள்ளனர். அத்தகைய வீட்டார் எஸ்.பி.எம். முடியும்வரை காத்திராமல், பிள்ளை சிறு வயதில் இருக்கும்பொழுதே தேசியப் பதிவிலாகாவை அணுக வேண்டும். பத்திரம் இல்லாத காரணத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோவதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறில்லை.

நான்காவதாக, இதுவே தலையாயது: அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். கல்லூரிக்குப் பதிவு இருந்தால் மட்டும் போதாது; மகள் படிக்கப்போகும் அந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் இருத்தல் வேண்டும். டிப்ளோமா எனில், எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனத்தின் பதிவேட்டில் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். திறன் சான்றிதழ் எனில், திறன் மேம்பாட்டு இலாகா அந்த நிலையத்துக்கு அந்தப் படிப்பையும் அந்தப் படியையும் நடத்த இசைவு தந்துள்ளதா, அவ்விசைவு எந்த நாள்வரை செல்லும் என்று கேளுங்கள். இவ்விரண்டையும் கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்க்கலாம். உங்களுக்கு இயலாவிடில், தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ தோட்ட அலுவலகத்துக் கிராணியையோ துணைக்கு அழையுங்கள். "பதிவு வந்துகொண்டிருக்கிறது" என்று எவரேனும் சொன்னால், "வந்தபின் வருகிறோம்" என்று கூறி எழுந்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, பணத்தின் வழி. மொத்தச் செலவை எழுதித் தரும்படி கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தங்குமிடம், சீருடை, செய்முறைப் பயிற்சிக்குச் சென்றுவரும் செலவு ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டும். இடையில் படிப்பை விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல் கணக்கில் வாராது.

டிப்ளோமா பயில்வோர் பி.டி.பி.டி.என். என்னும் தேசிய உயர்கல்விக் கடன் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். திறன் சான்றிதழ் பயில்வோர்க்கு பி.டி.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் உள்ளது. இரண்டும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே கடன் வழங்குகின்றன. எந்தக் கடனும் "தானாக" வருவதில்லை. விண்ணப்பித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் வருவது. அது இனாமும் அன்று. எடுத்துக்காட்டாக, பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் உண்டு. 10,000 வெள்ளியை ஐந்து ஆண்டுகளில் திருப்புவதாக வைத்துக்கொண்டால், கட்டணம் 500 வெள்ளி. மொத்தம் 10,500 வெள்ளி. மாதத்துக்கு 175 வெள்ளி. இந்தக் கணக்கை மகளும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் கட்டப்போகின்றவள் அவளே.

டிப்ளோமாவும் அதற்கு மேற்பட்ட படிப்பும் பயிலும் பிள்ளைகளுக்காக, ஊழியர் சேமநிதியிலிருந்து தாய் தந்தையர் ஒரு பகுதியை எடுக்கவும் விதி உண்டு. 2024 ஆம் ஆண்டு மே மாதம் முதல் அது "செஜாத்ரா" கணக்கிலிருந்து எடுக்கப்படுகின்றது. ஆனால், ஒன்றை மறவாதீர்கள். தோட்டத்தை விட்டு ஓய்ந்து வெளியேறும் நாளில் உங்கள் கைக்கு வரும் பெரும்பணம் அது ஒன்றே. கடனும் உதவியும் கிடைக்காதபோது மட்டுமே அதில் கை வையுங்கள். பதிவேட்டில் இல்லாத படிப்புக்கு ஒருபோதும் வையாதீர்கள். நீங்கள் உறுப்பியம் பெற்றுள்ள கூட்டுறவுச் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வியுதவி உண்டா என்று கேளுங்கள். வட்டிக்காரரிடம் மட்டும் செல்லாதீர்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்றே சேமிக்கத் தொடங்கலாம். மாதம் 50 வெள்ளி வீதம் ஐந்து ஆண்டு சேர்த்தால் 3,000 வெள்ளி. 1960 ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களையே நம் மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் வாங்கவில்லையா? அந்தக் கைகளுக்கு ஒரு மகளின் படிப்புச் செலவு எட்டாததன்று.

ஆகவே, வரிசை இதுதான்: முதலில் அங்கீகாரம், பின்னர் விண்ணப்பம், அதன்பின் இடம் கிடைத்ததற்கான கடிதம், அதைக்கொண்டு கடன் விண்ணப்பம், கடைசியிலேயே பணம். பணத்தைக் கல்லூரியின் கணக்கில் கட்டி இரசீது பெறுங்கள். காரில் வந்தவரின் கையில் கொடாதீர்கள். "இன்றே கட்டினால்தான் இடம்" என்று அவசரப்படுத்தும் எவரையும் நம்பாதீர்கள். நல்ல கல்லூரி நாளையும் அங்கேயே இருக்கும்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்த தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பல்லாண்டுக் காலம் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய உங்கள் அனுபவம் வீண்போக வேண்டியதில்லை. பி.பி.டி. எனப்படும் முன்னனுபவ அங்கீகார முறையின்கீழ், வகுப்பில் அமராமலே, செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டித் திறன் சான்றிதழ் பெற வழியுண்டு. பணிபுரிந்த ஆண்டுகளைக் குறிக்கும் கடிதம், கலந்துகொண்ட பயிற்சிகளின் தாள்கள், வேலை செய்யும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆயாவாக இருந்தவர் அரசாங்கச் சான்றிதழை வீட்டுச் சுவரில் மாட்டும் நாளைக் காண விரும்புகின்றோம்.

முன்னர்ச் சொன்ன அந்த மகளின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. மறு ஆண்டில் தந்தையே அங்கீகாரத் தாளைக் கேட்டுப் பார்த்தார், பதிவுபெற்ற நிலையமொன்றில் மகள் திறன் சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்ந்தாள், கடனும் கிடைத்தது. இன்று அவள் ஒரு தாஸ்காவில் பணிபுரிகின்றாள். முதற்சம்பளத்தில் தாய்க்கு ஒரு மெல்லிய சங்கிலி வாங்கித் தந்தாள். பழைய சங்கிலியின் எடைக்கு அது வாராது என்று அந்தத் தாய் சிரித்துக்கொண்டே எம்மிடம் கூறினார்.

உங்கள் வீட்டுச் சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் மகளும் படிக்கட்டும். இரண்டும் இயலும் என்று கூறி விடைபெறுகின்றோம்.