கடைக்கும் கொந்தராத்துக்கும் காப்புறுதி



“கடைக்குக் காப்புறுதி செய்தாயிற்று, இனி யோசனையில்லை” என்று நம் வியாபாரிகள் சொல்வதுண்டு. எதற்கு, எவ்வளவுக்கு என்று திருப்பிக் கேட்டால் பலரும் பத்திரத்தைத் தேடப் போய்விடுவார்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருப்பதும் ஒரு காரணம்.

முதலில் தொகையைக் கவனியுங்கள். கடையில் 20 இலட்சம் ரூபா சரக்கு உண்டு. கட்டுப்பணத்தைக் குறைக்க விரும்பிய முதலாளி 10 இலட்சத்துக்கே காப்புறுதி செய்கிறார். தீப்பிடித்து 4 இலட்சம் ரூபா சரக்கு நாசமாகிறது. பத்து இலட்சத்துக்குள் அடங்கிய நட்டந்தானே, முழுதும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவார். கிடைப்பது 2 இலட்சமே. பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவர் மற்றப் பாதியின் நட்டத்தைத் தாமே சுமக்கவேண்டும் என்பது தீக்காப்புறுதிப் பத்திரங்களில் வழமையாக உள்ள நிபந்தனை. தீபாவளிக்குச் சரக்கை இரட்டிப்பாக்கும் புடவைக் கடைக்காரர் அப்போது தொகையையும் உயர்த்தவேண்டும்.

இனி, தீ என்றால் எல்லாத் தீயுமன்று. கலகக்காரர் வைத்த தீயைச் சாதாரண தீக்காப்புறுதி ஏற்பதில்லை. அதற்கு வேறாகப் பணம் கட்டவேண்டும். 1983 யூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழ்க் கடைகள் எரிந்த கதையை இங்குள்ள பெரியோர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1987இல் வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் முதலியவற்றுக்கென அரசே ஒரு நிதியத்தை அமைத்தது. இன்று அதனைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. எனினும் கேட்டுப் பெற்றாலன்றி அக்காப்பு உங்கள் பத்திரத்தில் தானாக வந்து ஏறாது.

கொந்தராத்துக்காரரின் நிலை வேறு. பிறர்க்கு அவர் கொடுக்கவேண்டி வரும் பணமே அவருக்குப் பெரிய ஆபத்து. சாரத்திலிருந்து மேசன் ஒருவர் விழுந்தால், முதலாளி பிழை செய்யாவிடினும், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். வேலையை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன் என்று கைகழுவவும் இயலாது. மேலுள்ளவரிடம் கேட்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. நாட்கூலிக்கு வந்தவராயினும், முதலாளியின் தொழிலுக்காக வந்தவர் வேலையாளே.

கட்டி முடியும்வரை கட்டடத்துக்கும், மண் வெட்டும்போது சரியும் அயல்வீட்டு மதிலுக்கும் ஒரு பத்திரம், ஆட்களுக்கு வேறொன்று. முன்னையதை வாங்கியவர் பின்னையதும் அதற்குள் அடக்கமென்று நம்பியிருத்தல் சாதாரணம். சம்பளப் புத்தகத்தில் 10 பேரை வைத்துக்கொண்டு, கொம்பனிக்கு 6 பேரென எழுதிக் கொடுப்போரும் உளர். விழுந்தவர் அந்த ஆறு பேரில் ஒருவரா என்பது அப்புறம் வழக்காகிவிடும்.