மதிப்பெண் பலகைக்கு முன்னே ஒரு குரல்



ஒலிம்பிக் போட்டிகள் வரும்போது நாம் இமைக்காமல் பார்க்கும் விளையாட்டுகளில் ஒன்று டைவிங். 10 மீட்டர் உயர மேடை. ஏறக்குறைய மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். அதன் விளிம்பில் ஒருவர் நிற்கிறார். ஒரு துள்ளல். காற்றில் பலமுறை சுழன்று, கை முதலில் தண்ணீரைத் தொட உள்ளே மறைந்துவிடுகிறார். எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

அடுத்து நடப்பதைக் கவனித்திருக்கிறோமா? தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தவுடன் அவர் கண்கள் மதிப்பெண் பலகையைத் தேடுகின்றன. தனிநபர் போட்டியில் 7 நடுவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். உயர்ந்த இரண்டையும் குறைந்த இரண்டையும் நீக்கிவிட்டு, மீதி மூன்றையும் கூட்டி, அந்தப் பாய்ச்சல் எவ்வளவு கடினமானதோ அதற்குரிய எண்ணால் பெருக்குவார்கள். பல ஆண்டு உழைப்பு கடைசியில் ஓர் எண்ணாக வந்து நிற்கும்.

அந்த எண்தான் நாமா? இந்தக் கேள்வியோடு போராடிய ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க வீரர் டேவிட் பூடாயா, 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 19 வயது இளைஞராகக் கலந்துகொண்டார். உயர மேடைப் போட்டியில் 10ஆம் இடம் கிடைத்தது. உலகில் பத்தாவது ஆள் என்பது சிறிய காரியமா? ஆனால் ஒலிம்பிக் புகழே தம் வாழ்வை நிறைவாக்கும் என்று நம்பியிருந்த அவர் மனமுடைந்துபோனார். ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பர்டூ பல்கலைக்கழகத்தில் தமக்குப் பயிற்சி தந்த ஆடம் சொல்டாட்டியை நாடினார். அந்தப் பயிற்சியாளரும் அவர் மனைவியும் கிறிஸ்துவைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். பூடாயா விசுவாசத்துக்கு வந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2012இல் லண்டன். முதல் சுற்றில் கலந்துகொண்ட 32 பேரில் 18 பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். பூடாயா 18ஆவது ஆளாக வந்தார். ஓர் இடம் இறங்கியிருந்தால் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு சுற்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. பழைய கணக்கு தொடர்வதில்லை. இறுதிச் சுற்றில் கடைசிப் பாய்ச்சலுக்கு முன் அவரும் சீனாவின் சியூ போவும் சமநிலையில் இருந்தார்கள். இங்கிலாந்தின் டாம் டேலி 0.15 புள்ளி முன்னால் இருந்தார். அந்தக் கடைசிப் பாய்ச்சலில் பூடாயா 102.60 புள்ளிகள் பெற்றார். 1.80 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் அவருக்குக் கிடைத்தது.

‘விசுவசித்தார், தங்கம் வாங்கினார்’ என்று நாம் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அப்படி நிறுத்தினால் அது நற்செய்தி ஆகாது. விசுவசித்தவர்கள் எல்லாருக்கும் தங்கம் கிடைப்பதில்லை. பூடாயாவின் கதையும் அங்கே முடியவில்லை. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஸ்டீல் ஜான்சனோடு இணைந்து பாய்ந்து வெள்ளி வாங்கினார். அப்போது தொலைக்காட்சி நிருபரிடம் இருவரும் சொன்னது ஒரே கருத்துதான்: தாங்கள் யார் என்பதை இந்தப் போட்டி தீர்மானிப்பதில்லை, கிறிஸ்துவே தீர்மானிக்கிறார். 2018இல் தண்ணீரில் தவறாக விழுந்ததால் பூடாயாவுக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டது. உயர மேடையை விட்டு 3 மீட்டர் துள்ளுபலகைக்கு மாறினார். டோக்கியோ ஒலிம்பிக் அணிக்கான தேர்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ரியோவில் பதக்கத்தோடு சொன்ன வார்த்தை, பதக்கமில்லாத நாளிலும் தாங்கக்கூடிய வார்த்தையாக இருந்தது.

அன்பார்ந்தவர்களே, நம் ஆண்டவரும் ஒருநாள் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தார். யோர்தான் ஆற்றில் அவர் கரையேறியபோது, வானத்திலிருந்து தந்தையின் குரல் கேட்டது. தம் அன்பு மகன் என்றும், அவரில் தாம் மகிழ்ச்சி அடைவதாகவும் தந்தை சொன்னார். அது எப்போது நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். இயேசு அதுவரை ஒரு புதுமைகூடச் செய்யவில்லை. ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுக் குணமாக்கவில்லை. ஒரு சீடரையும் அழைக்கவில்லை. நாசரேத்தில் யாரும் அறியாத தொழிலாளியாக இருந்தவர். செயலுக்கு முன்பே அன்பு வந்துவிட்டது.

அடுத்து, பாலைநிலச் சோதனையை மத்தேயு சொல்கிறார். அலகை அவரைக் கோவிலின் உயரமான முனையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இறைமகன் என்றால் குதித்து நிரூபி என்கிறது. இயேசு குதிக்கவில்லை. தாம் யார் என்று தந்தையிடம் கேட்டுவிட்டவருக்கு அதை நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. சோம்பலும் இல்லை, அங்கிருந்து இறங்கி வந்து ஓய்வின்றி உழைத்தார். அன்பு கிடைத்தவர் அஞ்சாமல் உழைக்கிறார். அன்பைச் சம்பாதிக்க உழைப்பவர் நடுங்கிக்கொண்டே உழைக்கிறார்.

நம் வீடுகளிலும் ஒரு மதிப்பெண் பலகை உண்டு. பிளஸ் டூ முடிவு வரும் காலையில் பிள்ளையின் முகம் எப்படி வாடிக்கிடக்கிறது! பக்கத்து வீட்டார் கேட்பது ‘எவ்வளவு?’ என்றுதான். உறவினர் தொலைபேசியில் கேட்பதும் அதுதான். நாமும் அதையே முதலில் கேட்டால், அந்தப் பிள்ளை வேறெங்கே போகும்? மதிப்பெண் குறைந்ததால் வீடு திரும்ப அஞ்சிய பிள்ளைகளின் துயரச் செய்திகளை நாம் படிக்காத ஆண்டு உண்டா?

எனவே, முடிவு வருவதற்கு முந்திய இரவே பிள்ளையை அருகில் அழைப்போம். தலையில் கை வைத்து, சிலுவை அடையாளம் வரைந்து, ‘நாளைக்கு என்ன வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, எங்களுக்கு உன்மேல் சந்தோஷம்தான்’ என்று வாய்விட்டுச் சொல்வோம். மனத்துக்குள் நினைத்தால் போதாது. யோர்தானில் தந்தை வாய்திறந்தே சொன்னார். வேலை கிடைக்காத மகனுக்கும், வியாபாரம் நொடித்துப்போன கணவருக்கும், இனி எதற்கும் உதவாதவர் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் வயதான பெற்றோருக்கும் இந்த வார்த்தை தேவை.

திருமுழுக்குத் தண்ணீரிலிருந்து எழுந்த நம் ஒவ்வொருவருக்கும் அந்தக் குரல் ஏற்கெனவே கேட்டாயிற்று. அதை மறவாதிருக்கவும், பிறர் காதில் அதை ஒலிக்கச் செய்யவும் வரம் வேண்டி இன்று மன்றாடுவோம். ஆமென்.