லட்சுமி வந்தாளா, பூஞ்சை வந்ததா?

(பாகூர்ப் பக்கத்தில் நடந்த உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



நெற்பயிருக்கு வரும் பூஞ்சை நோய்களைப் பற்றியும், அவற்றைக் கண்ணுக்குத் தெரியுமுன்பே கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றியும் இன்று பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் விவசாயக் கல்லூரியில் படித்தவனல்ல. பள்ளிக்கூடப் படிப்பே அதிகமில்லாதவன். புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்ட சங்கதிகளைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் வயலோடு ஒத்துப் பார்த்து, சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதிர் முற்றும் சமயத்தில் சில மணிகள் மாத்திரம் பந்துபோல் திரண்டு, முதலில் மஞ்சளாகவும் பிறகு கரும்பச்சையாகவும் மாறி, தொட்டால் கையெல்லாம் பொடி ஒட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெல்பழம் என்று சொல்லுகிறோம். இந்த நோய்க்கு நம் நாட்டில் வழங்கும் மற்றொரு பெயர் என்ன தெரியுமா? "லட்சுமி நோய்"! அது கண்ட வருஷம் விளைச்சல் அமோகமாயிருக்கும் என்று ஜனங்கள் நம்பியதால் வந்த பெயர். வீட்டில் திருடன் நுழைந்தால் விருந்தாளி என்று இலை போடுவோமா? வயலில் நுழைந்த திருடனுக்குத் தேவதையின் பெயரையே வைத்துவிட்டோம்.

இந்த நம்பிக்கை எப்படி உண்டாயிற்று என்று யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். மழையும் எருவும் நன்றாய் வாய்த்த வருஷத்தில் பயிர் செழிக்கிறது. அதே ஈரமும், அதே தழைச்சத்தும் பூஞ்சைக்கும் சௌகரியமாயிருக்கிறது. ஒரே காரணத்தால் இரண்டும் சேர்ந்து வந்தன. சேர்ந்து வந்ததைப் பார்த்தவர்கள், ஒன்றினால்தான் மற்றொன்று வந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். குக் என்கிற இங்கிலாந்து ஆராய்ச்சிக்காரர் 1878-லேயே, நமது திருநெல்வேலிச் சீமையில் கண்ட இந்த நோயைப் பூஞ்சையென்று பெயரிட்டு எழுதிவிட்டார். அதற்கப்புறமும் லட்சுமி போகவில்லை.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. இந்தப் பூஞ்சை, பந்து தெரிகிற அன்று வருவதல்ல. தொண்டைக் கதிராக இருக்கும்போதே, கதிர் வெளியே வருமுன்பே, உறைக்குள் நுழைந்து பூவின் மகரந்தத் தாள்களைப் பிடித்துக்கொள்ளுகிறது. அப்போது வெளியில் ஒரு அடையாளமும் இருக்காது. பந்து தெரிந்த பிறகு மருந்தடிப்பது, பிணத்துக்குப் பத்தியம் சொல்லுவது போலத்தான். நம் கண்ணுக்குத் தெரியும் காலமும், நோயைத் தடுக்கக்கூடிய காலமும் வெவ்வேறாக இருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் உழவனுடைய பணம் போகிறது.

குலைநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் தஞ்சாவூர் டெல்டாவில் அது இருப்பதாகப் பதிவு செய்தார்கள். 1919-ல் அங்கேயே பெருவாரியாகப் பரவி நாசம் செய்தது. இது காற்றில் வரும் நோய். இரவில் பனி இறங்கி இலை நனைந்திருக்கும்போது அதன் வித்து இலையில் ஒட்டி முளைக்கிறது. முளைத்த நுனியில் ஒரு சிறு குமிழ் உண்டாகி, லாரிச் சக்கரத்தில் அடைத்த காற்றைப்போல் சுமார் பத்து மடங்கு அழுத்தத்தோடு இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. கண்ணுக்கே தெரியாத ஜந்துவுக்கு இவ்வளவு பலம்! கண் வடிவமான புள்ளி நமக்குத் தெரிவதற்கு நாலைந்து நாள் ஆகும். அந்தப் புள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான வித்துக்கள் அடுத்த வயலுக்குக் கிளம்பிவிடும். கதிரின் கழுத்தில் பிடித்துவிட்டாலோ, மணி பால் பிடிக்காது.

இதற்கு முன்பெல்லாம் என்ன செய்தோம்? கண்ணேறு என்று பொம்மை கட்டினோம், பூசாரியைக் கூப்பிட்டோம். இப்போது அது குறைந்து, மருந்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் வயலைப் பாராமலே மூன்று பொட்டலம் எடுத்துத் தருகிறார். பூசாரிக்குக் கொடுத்தது ஒரு கோழி; இவருக்குக் கொடுப்பது ஆயிரக்கணக்கான ரூபாய். நோய் இன்னதென்று தெரியாமல் செய்கிற காரியம் என்ற வகையில் இரண்டுக்கும் பேதம் என்ன?

வெள்ளைக்காரர்கள் மாத்திரம் ஆதியிலேயே புத்திசாலிகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்கள் அழுகியபோது, கடவுள் தண்டனை என்றார்கள் பாதிரிமார்கள். பூஞ்சையைப் போன்ற ஒரு கிருமிதான் காரணம் என்று பெர்க்லி என்பவர் 1846-ல் எழுதினார். அவரும் ஒரு பாதிரியார்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. டி பாரி என்கிற ஜெர்மானியர் 1861-ல் அதை ருஜுப்படுத்தினார். அதற்குள் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள்.

சரி, கருவிக்கு வருவோம். பயோசென்சர், அதாவது உயிரி உணரி என்றால் பயப்பட வேண்டாம். உங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. நீரிழிவுக்காரர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைக்கிறாரல்லவா? அந்தப் பட்டையில் சர்க்கரையை மாத்திரம் அடையாளம் கண்டு பிடிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது பிடித்ததும் சிறிது மின்சாரம் உண்டாகிறது. கருவி அதை எண்ணாகக் காட்டுகிறது. 1962-ல் கிளார்க் என்கிற அமெரிக்கர் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது இது. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பட்டையில் கோடு பார்த்தோமே, அதுவும் இந்த ஜாதிதான். (இந்த ஒரு ஜாதியை வைத்துக்கொள்ளலாம்.)

நெல்லுக்கும் அப்படியே. குலைநோய்ப் பூஞ்சையின் டி.என்.ஏ. இழையோடு மாத்திரம் பொருந்தும் ஒரு துண்டையோ, அதன் உடற்பொருளை மாத்திரம் பிடிக்கும் எதிர்ப்பொருளையோ பட்டையில் வைத்தால், இலைச் சாற்றில் அது இருக்கிறதா என்று புள்ளி விழுமுன்பே சொல்லிவிடலாம். இன்னொரு வழி வாசனை. நோய் பிடித்த இலை வேறுவிதமான ஆவியை விடுகிறது. வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தார் 2019-ல், தக்காளி இலையின் ஆவியைக் காகிதப் பட்டையில் பிடித்துக் கைப்பேசியால் பார்த்து, நோய் ஏற்றிய இரண்டாம் நாளே கண்டுபிடித்துக் காட்டினார்கள். நம் பக்கத்திலேயே, 2016-ல் வங்காளதேசத்தில் குலைநோய் கோதுமையைப் பிடித்து சுமார் 15,000 ஹெக்டேரைக் கெடுத்தது. அதன் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்து, தென் அமெரிக்காவிலிருந்து வந்த வம்சம் என்று கண்டார்கள். பிறகு அந்நாட்டாரும் சீனரும் சேர்ந்து, அதைக் கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனையையும் ஆக்கினார்கள். ஜோசியம் பார்த்தா இதைச் செய்தார்கள்?

ஆனால் தோழர்களே, சாஸ்திரத்தை நம்பியதுபோலவே கருவியையும் நம்பக்கூடாது. இந்த வேலைகளில் பெரும்பாகம் இன்னும் ஆராய்ச்சிச்சாலையில்தான் இருக்கிறது. வெயிலில் எதிர்ப்பொருள் கெட்டுப்போகும். டி.என்.ஏ. சோதனை, செத்துப்போன பூஞ்சையைக்கூட இருக்கிறது என்று காட்டிவிடும். ஆகவே நாளைக்கு ஒருவன் பளபளப்பான பெட்டியோடு உங்கள் ஊருக்கு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். நோயுள்ள நூறு இலையில் எத்தனையை உன் கருவி தவறவிடும்? நோயில்லாத நூறு இலையில் எத்தனையை நோய் என்று சொல்லும்? பதில் சொல்லாதவனைப் பூசாரியோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, கருவி யாருடையது என்பது. காற்றில் வரும் வித்துக்கு வரப்பு தெரியாது. ஊர் என்றும் சேரி என்றும் தெரியாது. நிலக்காரர் ஒருவர் வாங்கித் தம் வயலை மாத்திரம் காத்துக்கொள்ள முடியாது. பாகூர் ஏரி ஆயக்கட்டு முழுவதற்கும் சேர்த்து, காற்றில் வரும் வித்தைப் பிடித்து எண்ணும் பொறியும், பனியையும் சூட்டையும் அளக்கும் கருவியும் பொதுவில் வைத்து, முடிவைக் குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். பட்டா இல்லாத குத்தகைக்காரருக்குப் பயிர் போனால் நஷ்டம் அவருடையது. நிவாரணமோ பட்டாக்காரர் பெயருக்குப் போகிறது. முன்கூட்டித் தெரிந்துகொள்ளுவது அவருக்குத்தான் ஜீவாதாரம். ஒன்பதாம் நூற்றாண்டில் இதே பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை மானியம் விட்டதாகச் செப்பேடு சொல்லுகிறது. அந்த மூன்று ஊர் உழவனுடைய நெல்லுக்கு என்ன நோய் என்று ஆராய்ந்ததாக அதில் ஒரு வரி இல்லை. இப்போதாவது நம் வரிப்பணம் அந்த வேலையைச் செய்யட்டுமே!

கருவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு வைக்காதீர்கள். பனி இறங்கும் மாதங்களில் காலையில் வயலுக்குப் போய் அடி இலையைப் பிரித்துப் பாருங்கள். சந்தேகமான இலையைப் பறித்து உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிய பிறகு கடைக்குப் போங்கள். அங்கேயுள்ள உத்தியோகஸ்தர்களிடம், இந்தப் பட்டைச் சோதனை எங்கள் கொம்யூனுக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறந்துவிடுவார்கள். ஐம்பது பேராகப் போய்க் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது. வில்லியனூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டும். கேள்வி கேட்க விரும்புவோர் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுக்கலாம்.